திரும்பாத துகள்

செப். 8, திங்கள்
படூர். ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை. வெக்கை. ஆய்வு வேலை: திரையில் ஆயிரம் துகள். தலைவன் கிடையாது. பக்கத்தில் உள்ளவை போகிற பக்கமே திரும்பு, அவ்வளவுதான் விதி. கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே திசை. அழகுதான். இன்று பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மா போன். குப்பத்தில் அக்கா வீட்டை ஒதுக்கி வைத்தாயிற்று. அரசு தடை செய்த சுருக்குமடி வலைக்கு ஊரே தலையாட்டியபோது அக்கா புருஷன், மாமா மட்டும் போய்ப் புகார் கொடுத்தாராம். "யாரும் பேசக்கூடாதாம்டி. பேசுனா நம்ம படகும் கடல்ல எறங்காது." அக்காவுக்கு எட்டாம் மாசம்.

செப். 10, புதன்
துணி காயவில்லை. எதற்கும் திரும்பாத துகள் ஒன்றைச் சேர்த்து ஓட்டினேன். கூட்டம் திசை மாறவில்லை, அது தனியாக ஓரத்துக்குப் போய்விட்டது. ஆய்வு வழிகாட்டி மேடம் எட்டிப் பார்த்தார். "ஒண்ணு எங்கம்மா பத்தும்? பக்கத்துலயே இன்னொண்ணு போட்டுப் பாரு." போட்டேன். சுற்றி இருந்தவை தயங்கின. அப்புறம் மெல்ல வளைந்தன.

அக்காவுக்கு போன். "கடைக்காரன் பால் பாக்கெட்டு குடுக்க மாட்டேங்கிறான்டி. எல்லாரும் அப்டி கீறாங்க, நானும் கீறேன்றான்." நேரில் வருகிறேன், யார் என்ன செய்துவிடுவார்கள் பார்ப்போம் என்றேன். வாய்ச்சொல்லில் வீரம்.

செப். 12, வெள்ளி
ஊர் வந்தேன். அக்கா வீடு அடுத்த தெரு. போகவில்லை. நாளை.

செப். 13, சனி
செங்கல்பட்டு பஸ். லேப்டாப் சார்ஜர் வாங்க. முழுக்கக் குப்பத்துப் பெண்கள், மீன் கூடை. கடைசியில் அக்கா ஏறினாள், ஆஸ்பத்திரி செக்கப்புக்கு. பேச்சு நின்றது. யாரும் எழவில்லை. கம்பியைப் பிடித்து நின்றாள், ஒரு கை வயிற்றில். கண்டக்டர் வெளியூர்: "புள்ளத்தாச்சி நின்னுகினு வருது, யாராச்சும் எடம் குடுங்கம்மா. இன்னா மனுசங்க!" அத்தனை முகமும் ஜன்னல் பக்கம்.

என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. திட்டியிருக்கலாம். பக்கத்திலிருந்த சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள் என்று எழுத வந்தேன். பொய். யாரும் பிடிக்கவில்லை. நானாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

திருக்கழுக்குன்றம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கும் வரை நின்றாள்.

மதியம் வீடு. அதற்குள் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. அம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே சோறு போட்டாள். "நல்லவேளடி, நீ வாயத் தொறக்கல." நடுத்துண்டாகப் பார்த்து இன்னொரு மீன் வைத்தாள்.

தின்றேன்.