ஊர்ந்தால் கொதிக்கிற ஜீப்

ஜூன் 21, சனி

காலை ஐந்தே முக்காலுக்கே வியர்வை. இலை அசையவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு பாலவாக்கம் வரை ஒரு சோதனை ஓட்டம்.

போகும்போது அறுபதில். டெம்பரேச்சர் ஊசி நடுவுக்குக் கீழே, சமர்த்தாக. திரும்பும்போதும் அடையாறு வரை அப்படியே. மந்தைவெளியில் மெட்ரோ வேலைத் தடுப்பு, ஒரே ஒரு வழி, முன்னால் தண்ணீர் லாரி. பத்து நிமிஷம் ஊர்வலம். ஊசி சிவப்பில். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ரேடியேட்டர் மூடி வழியாகப் பொங்கி வழிந்தது. எதிர் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். "சாதம் வெந்துடுத்தா சார்?" காலங்கார்த்தால ஹாஸ்யம்.

ஆக, ஓடினால் குளிர்ச்சி. ஊர்ந்தால் கொதிப்பு.

வேறு சமயமாக இருந்தால் போகிறது சனியன் என்று ஓரங்கட்டிவிடுவேன். அடுத்த சனி சாயங்காலம் அக்கா பெண் வித்யாவின் கல்யாணத்துக்கு ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம். அவளேதான் கேட்டாள். "மாமா, மாப்பிள்ளையும் நானும் உன் ஜீப்லதான் வருவோம். வேற எதுலயும் ஏற மாட்டேன்." பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை ஒரு மணி நேரம், நாதஸ்வரக்காரர்கள் நடக்கிற வேகத்தில். இந்த வண்டிக்கு எது ஆகாதோ அதே வேகத்தில்.

அத்திம்பேர் போன். பெண்ணைப் பெற்றவர். "ரமணி, ஓபன் கார் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். உன் தகரம் நடுவழியில படுத்துண்டா சம்பந்தி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" தகரமாம். பாங்கில் உட்கார்ந்து காலமெல்லாம் கையெழுத்துப் போட்ட மனுஷர். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

புழுக்கம். பேப்பர் வரவில்லை.

'பழைய ஜீப் அன்பர்கள்' வாட்ஸப் குரூப்பில் கேட்டுத் தொலைத்தேன். உடனே பிரகஸ்பதிகள் வரிசையில் வந்தார்கள்.

ஒருவர்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள்.
இன்னொருவர்: கூலன்ட் பச்சையா சிவப்பா? (பச்சை என்றேன். அதுதான் காரணம் என்றார். சிவப்பு என்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.)
ஒரு பல் டாக்டர்: இன்ஜினை முழுசாகப் பிரித்துவிடுவது நல்லது. பல்லையும் இப்படித்தான் பிடுங்குவார் போல.
ஒருவர்: பூசணிக்காய் உடைத்தீர்களா?
பெருங்குடி ஐ.டி. பையன், வண்டி வாங்கி நாலே மாசம்: "சார், ஃபேன் சரியா வேலை செய்யுதான்னு பாத்தீங்களா?"

கடைசி ஆளுக்கு மட்டும் பதில் போட்டேன். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் நான். பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு மே மாதம் பழைய இரும்புக்கடையில் பிடித்த எலெக்ட்ரிக் ஃபேன் போட்டது நான், என் கையால். சூடு ஏறினால் தானே ஓடும், ஆறினால் தானே நிற்கும். கறுப்பு வயர் என்றால் எர்த், இது கூடத் தெரியாமலா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்? சுற்றுகிறது. ஜம்மென்று சுற்றுகிறது. பையன் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பிவிட்டு அடங்கினான்.

குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும். ரேடியேட்டர். தேனாம்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற நூருதீன்தான் போன மாசம் அதைச் சுத்தம் பண்ணினான். பாதிக் குழாய் அடைத்துக் கிடக்கும். குரூப்பில் போட்டேன்: "தேனாம்பேட்டை நூருதீனிடம் யாரும் வண்டி விடாதீர்கள். அரைகுறை வேலை." ஐந்து நிமிஷத்தில் பதினோரு கட்டைவிரல்கள்.

திருப்தி. மோர் சாதம். தூக்கம்.

ஜூன் 23, திங்கள்

தேனாம்பேட்டை. ஒன்பதரை மணிக்கே தார் உருகுகிற வெயில்.

நூருதீன் கடைக்கு எதிரே டீக்கடை. ஏழெட்டு பேர் நின்றார்கள். நல்லது என்று அங்கேயே ஆரம்பித்தேன். "நீ பண்ணினது வேலையா? கையில் ஸ்பானர் பிடிக்கிறாயா, பீடி பிடிக்கிறாயா?" டீக்கடையில் சிரிப்பு.

நூருதீனுக்கு ஐம்பது வயசு இருக்கும். கோபமே வராத ஜன்மம். அது இன்னும் எரிச்சல். இன்ஜினை ஓடவிட்டு, ஊசி ஏறுகிறவரை நின்று, குனிந்து கிரில்லுக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தான். என்னவோ வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி.

"சார், இந்த ஃபேனு யார் போட்டது?"

"நான்."

"அத்த கொஞ்சம்..."

"ஃபேனைத் தொடாதே. அது என் வேலை. உன் வேலை ரேடியேட்டர், அதைப் பார்."

"சர்தான் சார்," என்றான். வாயை மூடிக்கொண்டு ரேடியேட்டரை இறக்கினான். இவர்களுக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

ரேடியேட்டர் சுத்தமாக இருக்கிறது. மேலே தண்ணீர் விட்டால் கீழே கொட்டுகிறது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சரி, தெர்மோஸ்டாட். டீக்கடை அடுப்பில் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைப் போட்டுக் கொதிக்கவிட்டோம். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வெந்துதா? சக்கர எவ்ளோ போடட்டும்?" திறக்க வேண்டிய சூட்டில் ஒழுங்காகத் திறந்தது.

அப்படியென்றால் வாட்டர் பம்ப். மாற்று என்றேன். நூருதீன் பழைய பம்பைக் கையில் வைத்துச் சுற்றிக் காட்டினான். "நல்லாத்தான் கீது சார்."

"கேட்டேனா?"

மாற்றினான்.

இதுவரை பார்த்தது: ரேடி., தெர்மோ., பம்ப், மூடி, பெல்ட் (ஃபேன் இப்போது இதில் ஓடவில்லை, ஆனாலும் பார்த்தேன்). இன்னும் நாலு நாள்.

தலைவலி. ஒரு மாத்திரை.

ஜூன் 25, புதன்

புது பம்போடு ஆழ்வார்பேட்டை வரை. சிக்னலில் மூன்று தடவை பச்சை விழுந்தும் நகரவில்லை. நாலாவதில் கொதித்தது. பின்னால் ஆட்டோக்காரன்: "யோவ் பெர்சு, இட்லி வேவ வெச்சிக்கினு வந்தியா?" திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மரியாதை கெட்டுவிடும், யாருடையது என்று வேறு சொல்ல முடியாது.

தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, தள்ளாத குறையாகத் தேனாம்பேட்டை. நூருதீனைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில்:

"சார், உன் குரூப்புல என் பேரப் போட்டியா? இன்னிக்கு ரெண்டு ஜீப்பு வர்றதா இருந்துச்சு. ரெண்டும் வரல."

"உண்மையைத்தான் போட்டேன்."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஜூன் 26, வியாழன்

வித்யா வந்தாள். மருதாணிக்கு முன்னால் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று. ஜீப் ஒர்க்‌ஷாப்பில் என்றேன்.

"முடியலேன்னா சொல்லிடு மாமா. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"முடியும்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. இதை இங்கே தவிர வேறெங்கும் எழுத மாட்டேன். நடுத்தெருவில், சம்பந்தி வீட்டார் எதிரில், அந்தக் குழந்தை பட்டுப்புடவையோடு இறங்கி நடந்தால் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போவேன்?

அத்திம்பேர் மறுபடி போன். எடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காலை பத்து. கடையில் ஜீப் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது, ஊசியைப் பார்ப்பதற்காக. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில்.

வெள்ளிக்கிழமைதோறும் கடை கடையாகச் சாம்பிராணி போட்டுக்கொண்டு போகிற பாய் வந்தார். தகர டப்பாவில் கரி, கையில் மயிலிறகு. கல்லாவுக்கு, அப்புறம் வாசலுக்கு. பிறகு என் ஜீப்புக்கு முன்னால் வந்து நின்று, கிரில்லுக்கு நேராகப் புகையைத் தள்ளினார்.

புகை உள்ளே போக வேண்டும். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து முன்பக்கக் காற்றை இழுக்க வேண்டும். அதற்குத்தானே அது இருக்கிறது.

அத்தனை புகையும் திரும்பி பாய் முகத்திலேயே அடித்தது. மனுஷர் இருமித் தள்ளிவிட்டார். "இன்னா நைனா, நான் வண்டிக்கு ஊதுனா வண்டி என்னை ஊதுது?" டீக்கடையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கையை வைத்தேன். இன்ஜின் சூடெல்லாம் சேர்ந்து கையில் மோதியது. ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழைய இரும்புக்கடை ஃபேனில் கறுப்பு எர்த் இல்லை. வேகமாகப் போனால் எதிர்க்காற்றே போதும், ஃபேன் ஓடவே ஓடாது. ஊர்ந்தால் ஃபேன் ஓடும், ஓடி வெந்த காற்றையே ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளும். சுற்றுகிறதா என்று பார்த்தேனே தவிர எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. முதல் வருஷப் பையன் பண்ணினால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

நூருதீன் என்னைப் பார்க்காமல் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"திங்கக்கெழமையே தெரியும் சார். கைய வெச்சேன்ல? காத்து என் மேல அடிச்சிது. சொல்ல வந்தேன். நீதான் தொடாதன்னுட்ட."

"நீயே மாற்றியிருக்கலாமே?"

"அது உன் கை வேலை சார். போட்டவரு சொல்லாம அடுத்தவன் வேலையப் பிரிக்க மாட்டேன். எங்க அத்தா காலத்துலேர்ந்து அப்டித்தான்."

"அப்போ பம்ப்?"

"மாத்துன்ன. மாத்துனேன்."

இரண்டு வயரைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அரை மணி நின்ற இடத்தில் ஓடவிட்டோம். ஊசி நடுவிலேயே குத்துக்கல்லாக நின்றது. நூருதீன் தொழுகைக்கு நேரமாச்சு என்று கையைக் கழுவப் போனான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "நாளை சாயங்காலம் கூட வா, ஒரு தைரியத்துக்கு" என்று மட்டும் சொன்னேன். அதையும் உத்தரவு மாதிரிதான் சொன்னேன்.

மடையன். நூருதீனைச் சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

மேகமூட்டம், மழை இல்லை. மத்தியானம் பூக்காரர் வந்து ஜீப்பைப் பூவால் மூடினார். கிரில்லை மறைக்காதே என்று அவரிடம் ஒரு சண்டை.

ஆறரைக்குக் கோவில் வாசலில் புறப்பாடு. பின்னால் வித்யாவும் மாப்பிள்ளையும். நான் ஓட்டினேன். நூருதீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தண்ணீர் கேனோடு, பானெட்டுக்குப் பக்கத்தில் நடந்து வந்தான். மாட வீதியில் தவில்காரர் தனி ஆவர்த்தனம் மாதிரி ஒரே இடத்தில் நின்று வெளுத்து வாங்கினார். கால் மணி நகரவில்லை. ஊசி நடுவில். தொங்கவிட்ட மல்லிச்சரம் கிரில்லோடு போய் ஒட்டிக்கொண்டது. வித்யா பின்னாலிருந்து தோளைத் தட்டினாள். "மாமா, சூப்பர் மாமா!" கண் கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் அத்திம்பேர் சம்பந்தியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். "என் மச்சினன். இன்ஜினீயரிங் வாத்தியார். ஏண்டா ரமணி, கடைசியில என்னதான் கோளாறு?"

வாயைத் திறந்தேன். அதற்குள் நூருதீன்: "ஒரு வயர் மாறிப்போச்சு சார். நம்ம கடையில. சார்தான் கண்டுபுடிச்சாரு."

அத்திம்பேர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பாத்துப் பண்ணக்கூடாதாய்யா? கல்யாணக் காரியம்!"

"தப்புதான் சார்," என்றான்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை. சாப்பிடாமல் போய்விட்டான்.

ஜூன் 29, ஞாயிறு

முகூர்த்தம் நன்றாக நடந்தது. வெயில் கடுமை. மண்டப ஏ.சி. பாதியில் நின்றது, அதற்கும் என்னையே கூப்பிட்டார்கள். போகவில்லை.

பந்தியில் அத்திம்பேர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். வயரை மாற்றினது நான், அவன் இல்லை என்று. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே முதுகில் தட்டினார். "உனக்கு எப்பவுமே பெருந்தன்மை ஜாஸ்திடா. அந்த பாயைக் காப்பாத்தப் பாக்கறே." இன்னொரு தடவை சொன்னேன். அப்பளம் கேட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்காகச் சொன்ன பொய்யை நம்புகிறவர்கள் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார்கள். இப்படித்தான் என்னை வளர்த்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

காலையில் குரூப்பில் எழுதினேன். "ஃபேன் வயரைத் தப்பாக மாட்டியது நான். நூருதீன் வேலையில் குறை இல்லை. போன வாரம் நான் எழுதியது தவறு." நாலு தடவை அழித்து எழுதியது. 'தவறு' என்று போடுவதற்குத்தான் நேரம் பிடித்தது. பூசணிக்காய் ஆசாமி அப்போதே சொன்னேனே என்று பதில் போட்டிருக்கிறார்.

பத்து மணிக்குத் தேனாம்பேட்டை. ஜீப்பைக் கடை வாசலிலேயே நிறுத்தினேன். டீக்கடையில் அதே ஏழெட்டு பேர். போன வாரம் கத்தின அதே குரலில் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. "நூருதீன், ஃபேனைத் தப்பாப் போட்டது நான். உன் மேல் தப்பே இல்லை. உன்னைத் திட்டினது அநியாயம். என்னை மன்னிச்சுடு."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

நூருதீன் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"சர்தான் சார். வண்டிய கொஞ்சம் ஓரங்கட்டு. பின்னால கஸ்டமர் நிக்கிறாரு."

ஓரங்கட்டினேன்.