திருப்பிக் கொடுக்காத தொப்பி

உன் தொப்பி இன்று காலை என் தலையில் விழுந்தது. அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேசை இழுத்தேன். அதற்கு முன்னால் இது வந்து சேர்ந்தது. அதே ஓலைத் தொப்பி, முன்பக்கம் சிவப்பு நூலால் கொழும்பு என்று ஆங்கிலத்தில் பெரிதாகத் தைத்தது. ஐந்து வருஷத் தூசியைத் தட்டிய பிறகும் அதில் காலிமுகத்திடலின் உப்பு மணக்கிறது. விளிம்பில் ஒரு பழுப்பு வட்டம், இறால் வடை தின்ற கையோடு நீ பிடித்த இடம். தும்மித் தும்மிக் கட்டிலில் உட்கார்ந்து உன்னை நன்றாக ஏசினேன். உயிரோடு இருந்தபோதே நீ எதையும் மெல்லமாகச் சொன்னவள் இல்லை.

கொழும்பு கோட்டையில் அந்தக் கப்பல் முகவர் கந்தோரில் என் முதல் நாள் நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து வந்து ஒரு மாதம்தான். பக்கத்து மேசையில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்ட சந்தோஷத்தில், “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டேன்.

“கொட்டாஞ்சேனை.”

“இல்லை, சொந்த ஊர்?”

நீ டைப் அடிப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாய். “அதுதான் சொன்னேனே.”

உன் தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து துறைமுக வேலைக்கு வந்த குடும்பம் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. கொழும்பில் எத்தனை வருஷம் இருந்தாலும் ஊர் என்பது வேறெங்காவது இருக்க வேண்டும். இரண்டு நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் உன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து என் சோற்றில் வைத்து, “தின்னு, யாழ்ப்பாணம்,” என்றாய். அன்றிலிருந்து உன் வாயில் எனக்கு அதுதான் பெயர்.

என் வீட்டுக்காரர் போனபோது மரண அறிவித்தலை மச்சான் எழுதிக் கொடுத்தார். ‘உரும்பிராயைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட’ என்று வழக்கப்படி தொடங்கியது. நான் அதை ஒழுங்காக வாசிக்கக்கூட இல்லை. முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள் நீ அந்தப் பத்திரிகைத் துண்டோடு என் வாசலில் நின்றாய்.

“எத்தன வருஷம் இந்த ஃபிளாட்டில இருக்கீங்க?”

“இருபத்தெட்டு.”

“இருபத்தெட்டு வருஷம் தற்காலிகமா? மனுசன் செத்தும் போயிட்டாரு. இன்னும் என்னடி தற்காலிகம்?”

“அது வழக்கமடி. எல்லாரும் போடுறதுதானே.”

“நீ இந்த ஊரப் பாத்ததே இல்ல, அதுதான். வர்ற சனிக்கிழமை பேக்கைக் கட்டு. டூர் போறோம்.”

“எங்க?”

“கொழும்புக்கு.”

ஒரு மாதத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். ஆனால் நீ பகிடிக்குச் சொல்லவில்லை. தெரிந்த கடையில் சாப்பிடக் கூடாது, தெரிந்தவர் வீட்டுக்குப் போகக் கூடாது, வீட்டுக்கு வந்து படுக்கவும் கூடாது என்று சட்டம் போட்டாய். கொள்ளுப்பிட்டியில் கடல் தெரிகிற ஓர் அறை எடுத்திருந்தாய். என் வீட்டிலிருந்து கால் மணி நேர பஸ் தூரம். “வீட்டில கட்டில் இருக்கேக்க ஆராவது வாடகைக்குப் படுப்பினமோ?” என்றேன். “டூரிஸ்ட் அப்பிடித்தான்,” என்று வாயை அடைத்துவிட்டாய்.

சனிக்கிழமை வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். எத்தனை வருஷம் அந்த ரயிலில் கந்தோருக்குப் போனவள் நான். எப்போதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எந்த சீற் காலியாகும் என்று பார்த்தபடி நிற்பேன். அன்று நீ என்னை ஜன்னலருகே இருத்தினாய். அலைத் துளி முகத்தில் அடித்தது. புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலை அண்ணாந்து பார்த்தோம்; அதன் அடியில் நூறு தடவை துணி வாங்கியிருக்கிறேன், தலையை நிமிர்த்தியதில்லை. பின்னேரம் காலிமுகத்திடலில் நீ இந்தத் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டாய். தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்று நான் பத்தடி தள்ளி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மேல்தட்டு திறந்த சுற்றுலா பஸ். முன் சீற்றில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பம். வழிகாட்டிப் பையன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னதை நீ அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய். துறைமுகத்தை நெருங்கும்போது அவன், “அந்தப் பக்கம் கொட்டாஞ்சேனை, பார்க்க ஒன்றுமில்லை,” என்றான். பஸ் மறுபக்கம் திரும்பியது.

நீ எழுந்து நின்றாய். “தம்பி, ஒன்றுமில்லை என்ற இடத்தில்தான் நான் பிறந்தேன். அதைக் கொடு,” என்று சிங்களத்தில் சொல்லி மைக்குக்குக் கையை நீட்டினாய். அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். உன் முகத்தைப் பார்த்த எவனும் கொடுத்திருப்பான்.

“எங்க தெருவில கோயில் மணி, சர்ச் மணி, பாங்கு, புத்த பன்சலையில ஓதுற பிரித், இதெல்லாம் கேட்டுத்தான் எழும்புவோம். எங்க வீட்டில அலாரம் வாங்கினதே இல்ல. அந்தா தெரியுதே கிரேன், அது வர்றதுக்கு முந்தி எங்கப்பா முதுகுதான் கிரேன். அவரு இறக்கின அரிசியத் தின்னாத வீடு இந்த நாட்டில இல்ல. கலவரம் வந்தப்போ மத்தவங்க அவங்கவங்க ஊருக்குப் போனாங்க. எங்களுக்குப் போறதுக்கு வேற ஊர் இல்ல. பக்கத்து வீட்டு சிங்கள அம்மா அறையில நாலு நாள் ஒளிஞ்சிருந்தோம். அஞ்சாம் நாள் வெளிய வந்து எங்க வாசலக் கூட்டினோம். எங்க ஊர்தானே, நாமதான் கூட்டணும்.”

அதையே சிங்களத்திலும் சொன்னாய். கடைசியில் அந்தப் பையன்தான் முதலில் கை தட்டினான். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரியிடம், இவள் என் சிநேகிதி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னேன். அது உன் காதில் விழவில்லை. இப்போதாவது கேட்டுக்கொள்.

பிறகுதான் அந்த மட்டக்களப்பு அம்மா என் பக்கம் திரும்பி, “நீங்களும் கொழும்பா?” என்று கேட்டார்.

“இல்லை, நான் யாழ்ப்பாணம். இங்க சும்மா இருக்கிறன்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாய். “வச்சுக்க. இந்த பஸ்ஸில டூரிஸ்ட் நீதான். ஊர்க்காரி ஆனதும் திருப்பிக் குடு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தாய். கனடாவிலிருந்து வந்த உன் மகன், செத்த வீட்டில் என்னிடம் தன் போனை நீட்டி, அறிவித்தல் சரியா என்று பார்க்கச் சொன்னான். ‘இந்தியா, திருச்சியைப் பூர்வீகமாகவும், கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட’ என்று இருந்தது.

“தம்பி, அம்மா திருச்சியக் கண்டவவோ?”

“இல்ல அன்ரி. ஆனா எல்லாரும் ஒரு ஊர் போடுவாங்கதானே. கொட்டாஞ்சேனைன்னு மட்டும் போட்டா ஒரு மாதிரி இருக்கும்னு சொன்னாங்க.”

நல்ல பிள்ளை, அவனில் பிழையில்லை. ஆனாலும் நான் சத்தம் போட்டேன். என் வாழ்க்கையில் ஒரு செத்த வீட்டில் சத்தம் போட்டது அந்த ஒரு தரம்தான். “உங்கட அம்மாவுக்குச் சொந்த ஊர் இருக்குது. அவவக் கண்ட முதல் நாள் நான் ரெண்டு தரம் கேட்டனான். ரெண்டு தரமும் ஒரே பதில்தான் சொன்னவ.”

மறுநாள் பத்திரிகையில் வந்தது: ‘கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட.’ நிரந்தர என்பது நான் சேர்த்தது. அந்தத் துண்டை வெட்டி, என் மகளின் பட்டமளிப்புப் படம் இருக்கிற சட்டத்தின் மூலையில் செருகி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

ஆனால் தொப்பியை அன்று உன்னிடம் கொண்டுவரவில்லை. உன் ஊருக்காகத்தான் சண்டை பிடித்தேன். என் ஊர் என்று நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இன்று வெயில் கடுமை. தூசி தட்டிய தொப்பியைப் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். லிப்டில் ஆறாம் மாடிக்குப் புதிதாக வந்த பிள்ளை நின்றாள், பருத்தித்துறைக்காரி.

“அன்ரி எந்த ஊர்?”

“வெள்ளவத்தை.”

“இல்லை அன்ரி, சொந்த ஊர்?”

உனக்கு வாழ்நாள் முழுக்க வந்த கேள்வி எனக்கு இன்றுதான் வந்தது. குத்தத்தான் செய்தது. நீ என்னைப் பார்த்தது போலவே நிமிர்ந்து பார்த்தேன்.

“அதுதான் சொன்னனே, பிள்ளை.”

சூட்கேசை இறக்கியது லண்டனில் இருக்கிற மகளிடம் போய்வரத்தான். அங்கேயே நிற்கச் சொல்கிறாள். ஒரு மாதம்தான், பிறகு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எந்த ஊருக்கு என்று அவள் கேட்டாள், அதையும் சொன்னேன். தொப்பியை இனி உன்னிடம் திருப்பித் தர வழியில்லை, அதனால் சூட்கேசில் முதல் சாமானாக அதைத்தான் வைத்திருக்கிறேன். லண்டனில் நான் டூரிஸ்ட்தானே, போட்டுக்கொண்டு திரியலாம். எந்த ஊர் என்று அங்கே யாராவது கேட்டால், தொப்பியில் எழுதியிருக்கிறது, வாசிக்கட்டும்.