பாசித் தாள் மிஷின்

1984, மார்ச் 6
மிஷின் வந்து இறங்கியது. கௌஸ் மைதீன் பாய் ஷெட்டின் பக்கச் சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஏரியில் அள்ளிய பாசியைக் கூழாக அரைத்து ஊற்றினால் போதுமாம். அதுவே சல்லடைத் தட்டில் பரப்பி, பிழிந்து, சங்கிலியால் சூட்டறைக்குள் இழுத்து, மறுமுனையில் காய்ந்த தாளாகத் தள்ளுமாம். இதுவரை வெயிலில் கோரைப்பாய் விரித்து அதைச் செய்தது குப்பத்துப் பெண்கள் நாங்கள்.

மார்ச் 9
பாய் என்னை மட்டும் கூப்பிட்டார். "லோகநாயகி, நீ மிஷின்ல நில்லு. தட்டு அடுக்க அமீனா போதும்." மற்றவர்கள்? "இனிமே ஏரியில பாசி அள்ளிப் போடட்டும்மா."

அவர்களில் ராஜாத்தி அண்ணியும் ஒருத்தி. புருஷனை விட்டு வந்த எனக்குச் சோறு போடுகிறவள். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 10
அண்ணி பேசவில்லை. அண்ணன்தான், "இவளுக்காக ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்றான். கேட்கவில்லை.

மார்ச் 21
கூழ் நீர்த்தால் தாள் கிழிகிறது, கெட்டியானால் நடுவே காயவில்லை. அதுகூடப் பரவாயில்லை. சங்கிலி திறந்தே ஓடுகிறது. நிறுத்தும் கைப்பிடியோ சூட்டறைக்கு அந்தப் பக்கம். பாயிடம் சொன்னேன். "ஓட்டிப் பழகு, பயம் போயிடும்."

ஏப்ரல் 2
அமீனா முந்தானை சங்கிலியில மாட்டிக்கிச்சு. கழுத்தோட இழுக்குது — நான் அவளைப் பிடிப்பேனா, கைப்பிடிக்கு ஓடுவேனா? பிடிச்சுக்கிட்டுக் கத்தினேன். அந்தப் பக்கம் பாசிக் கூடை இறக்க வந்த அண்ணி, கூடையைப் போட்டுட்டு ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தா.

"யாரு நிறுத்தினது? தாளெல்லாம் கருகிடும்!" — உள்ளே வராமலே பாய் கத்தினார். வந்து, அமீனா கழுத்தில் முந்தானை இறுக்கிய தடத்தைப் பார்த்தார்.

சங்கிலிக்கு மூடி போடணும், கைப்பிடியில ஒரு ஆள் நிக்கணும், அதுவரைக்கும் ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஏப்ரல் 3
போகவில்லை. அமீனாவும் போகவில்லை.

ஏப்ரல் 5
பாய் வீட்டுக்கே வந்தார். "வேற ஆளப் போட்டு ஓட்டிக்குவேன்."

நான் பேசுவதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி குரல்: "போட்டுக்குங்க பாய். குப்பத்துல எவ வரான்னு பாக்கலாம்."

பாய் போனபின் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 14
வேறு எவளும் வரவில்லை. மிஷின் மறுபடி ஓடியது. சங்கிலி மேல் தகர மூடி. கைப்பிடி அருகே அண்ணி. என்னோடு இன்னும் பேச்சில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைத் திறந்து, மீன் துண்டை என் பக்கம் தள்ளினாள்.

"இன்னா பாக்குற? தின்னு."