எட்டாவது ஆணி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ சொல்லப் போவதில்லை. நீ வேலை பார்க்கிற அந்தக் குளிர்க் கிடங்கில் இரண்டு காலுறை போட்டுக்கொள் என்று சொன்னேன், ஒன்றாவது போடுகிறாயா என்பது தெரியவில்லை. போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நீ பதினோரு தடவை சரிம்மா சொல்கிறாய், பின்னால் எவனோ வண்டியை எடுடா என்று கத்துகிறான், உடனே சிக்னல் இல்லை என்கிறாய். கடிதம் என்றால் ஓர் இடத்தில் உட்கார்ந்து படித்தாக வேண்டும். என் கையால் எழுதாததற்குக் காரணம், வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது. அந்தக் கட்டுக்குக் காரணம் நீ. எப்படியென்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் உன் தங்கச்சிக்கு ஒரு வீடியோ அனுப்பினாய். நானும் பார்த்தேன். வெள்ளை சோபாவில் ஒருத்தி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மடியில் ஜன்னல் சட்டம் மாதிரி ஒன்றை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தட்டுகிறாள். வீட்டில் வேறு வேலை இல்லாதவள் என்று பார்த்ததுமே தெரிகிறது. லயர் ஹார்ப்பாம். இதற்கு ஆசிரியர் வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் வாசிக்கலாம் என்று அவள் சொல்ல, நீ அதற்குக் கீழே ‘இது உனக்குச் சரியா வரும், யார்கிட்டயும் பேச வேண்டாம், யார் முன்னாடியும் நிக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தாய். பேசாமல் இருப்பதற்கு இவளுக்குப் பயிற்சி வேறு வேண்டுமா? வாத்தியத்தைப் பற்றி யோசனை சொல்ல வந்தவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். உன் கிட்டார் இந்த வீட்டில் மூன்று வாரம் சத்தம் போட்டது. இப்போது பீரோவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, நான் அளவு நாடாவை அதன் கழுத்தில் மாட்டி வைக்கிறேன். அந்த ஒரு வேலையை மட்டும் அது ஒழுங்காகச் செய்கிறது.

உன் தங்கச்சி, பொத்தான் தைத்துச் சேர்த்து வைத்த காசில் வாங்கப் போகிறேன் என்றாள். அவள் சம்பாதித்தது, அவள் தொலைக்கட்டும் என்று கூடவே போனேன், ஏனென்றால் இவள் எந்தக் கடைக்குள்ளும் தனியாக நுழைய மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே கழுத்தில் ஹெட்ஃபோனை மாலை மாதிரி போட்டுக்கொண்டு ஒரு விற்பனைக்காரர். வாங்குகிறவள் இவள், அவர் பேசியதெல்லாம் என்னிடம். நகத்தால் எல்லாக் கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டிவிட்டு, ‘இதுல தப்பா வாசிக்கவே முடியாது ஆன்ட்டி’ என்றார். தப்பாக வாசிக்கவே முடியாத ஒன்றை எதற்கப்பா கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். பதில் தெரியாத விற்பனைக்காரர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் பதினைந்து நாளுக்குள் கொண்டுவந்து கொடுக்கலாம், ஆனால் பதினாறு கம்பியும் அப்படியே இருக்க வேண்டும் என்றார். அந்த ஒரு பேச்சு எனக்குப் பிடித்தது. நான் இந்தக் கடிதம் எழுதச் சொல்வதற்கும் அதுதான் காரணம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று நீ அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறாள். திருப்பிப் பேசாதவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்து பிரித்தால்தான் தெரிகிறது, சாமான் அரைகுறை. கம்பியெல்லாம் தொளதொளவென்று கிடக்கிறது, சுருதி நாமே சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் சட்டை தைத்துக் கொடுத்து, கையை நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் யாராவது என் வாசலை மிதிப்பார்களா? தலைப்பக்கம் வரிசையாகப் பதினாறு இரும்பு ஆணி, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி சுற்றியிருக்கிறது. பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது மாதிரி ஒரு சாவி. அதை ஆணியில் மாட்டித் திருக வேண்டும், கம்பியைத் தட்ட வேண்டும், போனில் ஒரு முள் ஆடும், அது நடுவுக்கு வந்து பச்சை காட்டினால் சரி. காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் பார்க்கிற காலம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் எதிரே தரையில் உட்கார்ந்து திருகிக்கொண்டிருக்கிறாள். ஆறு கம்பி முடிந்தது. ஏழாவதைத் தட்டினாள், முள் அசையவில்லை. திருகினாள், தட்டினாள், அசையவில்லை. இன்னும் திருகினாள். எப்படி அசையும்? தட்டுவது ஏழாவது கம்பி, சாவி மாட்டியிருப்பது எட்டாவது ஆணியில். எட்டாவது கம்பி பாவம் எவ்வளவு தாங்கும், பட்டென்று அறுந்து சுவரில் அடித்தது. நான் துள்ளினேன், என் கால் மெஷினை மிதித்தது, ஊசி கட்டைவிரல் நகத்தில் இறங்கி உள்ளேயே ஒடிந்தது. டாக்டர் அரை மணி நேரம் நோண்டி எடுத்தார். எப்படி ஆனது என்று அவர் கேட்டதற்கு, என் மகள் சங்கீதம் பயின்றாள் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை, விளங்க வேண்டியதும் இல்லை.

பெட்டியின் மேல் ‘மாற்றுக் கம்பிகள் உள்ளே’ என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே சாவி இருக்கிறது, பை இருக்கிறது, பல்லைக் காட்டுகிற பெண்ணின் படம் போட்ட காகிதம் இருக்கிறது, மாற்றுக் கம்பி மட்டும் இல்லை. கடைக்காரர் தர வேண்டியது. போய்க் கேட்டால் தருவார், கேட்க ஓர் ஆள் வேண்டும். அம்மா வரியா என்று கேட்டாள். வரமாட்டேன் என்றேன். ‘அறுத்தது நீ, கேக்கறதும் நீ, வாய் அங்கதான இருக்கு’ என்று சொன்னேன். அந்த வாயைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்டு, இவள் நின்றபடியே நிற்க, வகுப்பு முழுக்கச் சிரிக்க, அந்த டீச்சரம்மா தினமும் அதே வேடிக்கையைக் காட்டினாள். ஒரு நாள் மத்தியானம் பையோடு வீட்டுக்கு வந்தவள் பிறகு போகவே இல்லை. நீ அப்போது போனில் ‘கட்டாயப்படுத்தாதம்மா’ என்றாய். உனக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த டீச்சரம்மாவை இன்றைக்கும் சந்தையில் பார்க்கிறேன், ஜாக்கெட் தைக்கத் தரட்டுமா என்று கேட்கிறாள். பிடிக்காத ஆளின் உடம்புக்கு நான் அளவு எடுப்பதில்லை.

நான்கு நாள் காலையில் செருப்பைப் போட்டாள், வாசல்வரை போனாள், திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். என் விரல் இப்படி இருப்பதால் இப்போது தைப்பதெல்லாம் அவள்தான். காலர் முனை கூர்மையாக வருவதில்லை, பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள், சொன்னால் மறுபடியும் பிரிக்கிறாள். அறுந்த கம்பியை ஒரு காகிதத்தில் சுற்றி ஊசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டு, இந்தத் தடவை தெருமுனை திரும்பிவிட்டாள்.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். அந்த ஹெட்ஃபோன் யாரோ ஒருவருக்குக் கிட்டார் காட்டிக்கொண்டிருந்தார். இவள் மேஜைக்கு ஓரமாக நின்றாள். நடுவில் நிற்கத் தெரியாதே. கிட்டார்க்காரர் போனார், ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள், அவர்களைக் கவனித்தார். அவர்களுக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள், அவளுக்கும் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிக் கதவு திறக்கிறது, மூடுகிறது, இவள் அந்தக் காகிதச் சுருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வகுப்பில் நின்றாளே அதே நிலை, ஒரு தோள் மட்டும் மேலே. அரை மணி நேரம். எனக்குத் தெரியும் அரை மணி நேரம் என்று, ஏனென்றால் எதிர்ப்பக்கம் பேருந்து நிலையத்தில் நான் ஏற வேண்டியதே இல்லாத மூன்று பேருந்தை விட்டுவிட்டேன்.

எழுதுகிறவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது. ஆமாம்டி, உன் பின்னாலேயே வந்தேன். கட்டுப் போட்ட கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, திருடி மாதிரி. நீ அழுதுகொண்டு வெளியே வந்தால் கையோடு அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வந்தேன், வேறு எதற்கும் இல்லை. இன்னும் பார்க்கிறாள். சரி, சொன்னது சொன்னதாகிவிட்டது, மற்றதையும் எழுதிக்கொள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நீ எட்டாவது ஆணியைத் திருகுவது எனக்கு முதலிலேயே தெரிந்தது. இருபத்தாறு வருஷமாக நூலையும் ஊசிக்கண்ணையும் பார்க்கிறவள் நான், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், எந்தக் கம்பி எந்த ஆணியில் என்று தெரியாதா? அறுகட்டும், இந்தக் கூத்து இன்றோடு முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அறுந்தால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார் என்பதைக்கூட யோசிக்கவில்லை, அவ்வளவு புத்திசாலி. ஊசி ஏறியது உன்னால் இல்லை. பெரியவனே, இதை நீயும் தெரிந்துகொள். கட்டுக்குக் காரணம் நீ என்று மேலே எழுதச் சொன்னேன், அதை அடிக்கத் தேவையில்லை, உனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

மீதியைச் சொல்லி முடிக்கிறேன். நான்காவதாக ஒரு ஆள் உள்ளே நுழைந்து இவளைத் தாண்டிக் கையை நீட்டினான். அந்த ஹெட்ஃபோனுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று நான் சாலையில் இறங்கிவிட்டேன். பாதி சாலையில் நிற்கிறேன், ஒரு ஆட்டோக்காரர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவள் காகிதச் சுருளை மேஜை நடுவில் வைத்தாள். வாய் அசைந்தது. அந்த ஆள் கையை எடுத்துக்கொண்டான். விற்பனைக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கீழே வைத்தார். கம்பி கொண்டுவந்தார், ஒன்றுக்கு இரண்டாக. அவர் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். இவள் வெளியே வருவதற்குள் நான் குறுக்குச் சந்தில் நடந்து வீட்டுக்கு வந்து, எங்கும் போகாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என்ன சொன்னாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் பின்னாலேயே வந்தது தெரிந்துவிடும். இப்போது கேட்டேன். வாயால் சொல்ல மாட்டாளாம், கடைசியில் எழுதுகிறாளாம். எழுதட்டும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொள்கிறேன்.

அதற்காக அந்த வாத்தியத்தை நான் மெச்சுகிறேன் என்று நினைத்துவிடாதே. புதுக் கம்பியில் சுருதி தினமும் இறங்கிவிடுகிறது, தினமும் காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் பதினாறையும் முதலிலிருந்து சேர்க்கிறாள். வாசிப்பதென்று பார்த்தால் டம்ளரில் கரண்டி விழுகிற சத்தம். நேற்று ஏழாவது கொஞ்சம் இறங்கியிருந்தது, எனக்கே கேட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளாகவே சாவியை எடுத்தாள், எடுத்ததும் சரியான ஆணியில்தான் மாட்டினாள். நாளையோடு பதினைந்து நாள் முடிகிறது. பதினாறு கம்பியும் இருக்கிறது, இப்போது போனாலும் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர எட்டு நாளாவது ஆகும். எனக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. நாளைக்குள் முடிய வேண்டிய காரியம் என்றால் போன் செய்திருப்பேன். அதனால் மேலே உன்னைச் சொல்லச் சொன்ன வார்த்தையை நீ சொல்ல வேண்டாம். இனி இவளுக்கு வீடியோவும் அனுப்ப வேண்டாம், யார்கிட்டயும் பேச வேண்டாம் என்று யோசனையும் சொல்ல வேண்டாம்.

கையும் காலும் மரத்துப் போகாமல், நல்ல சாப்பாடு கிடைத்து, நல்ல மனிதர்களோடு நீ நூறு வயது இருக்க வேண்டும். காலுறையை மறக்காதே, இரண்டு. வரும்போது கிட்டாருக்குக் கம்பி வாங்கி வா, இல்லையென்றால் அந்தச் சவத்தை எடுத்துக்கொண்டு போ, நாடா மாட்ட ஓர் ஆணி போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா (கட்டைவிரல் ஆறுகிறது)

அண்ணா, அம்மா சொன்னதில் ஒன்றையும் நான் விடவில்லை, என்னைத் திட்டியதைக்கூட. கடையில் நான் சொன்னது ‘நான்தான் முதல்ல வந்தேன்’ என்பதுதான். முதல் தடவை சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.