பங்கு போட்ட மாத்திரை

ஐப்பசி, செவ்வாய் இரவு

தேயிலைக் கொழுந்து பறிக்கும் லெட்சுமி அக்காவின் காலில் அட்டைக்கடிப் புண் மறுபடியும் சீழ் வைத்துவிட்டது. போன மாதம் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் கொடுத்த அதே ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மறுபடி கொடுத்தும் இப்போது கேட்கவே மாட்டேன் என்கிறது.

"போன மாசம் முழுசா சாப்பிட்டீங்களா?"

"வலி நின்னுருச்சு மிஸ். மிச்சத்த நம்ம லயத்து வீடுகள்ல சளி, இருமல்னு கேட்டவங்களுக்கு குடுத்துட்டேன்."

பாதியில் நிறுத்தினால் தப்பிய கிருமிகள்தான் மருந்தைத் தாங்கிக்கொண்டு பெருகும், சளி வைரஸால் வருவது, அதை இந்த மாத்திரை தொடவே தொடாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். அக்கா நன்றாகத் தலையாட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், கட்டிலில் என் கணவர் தும்மிக்கொண்டிருக்கிறார்.

"பயப்படாத. லெட்சுமி அக்கா குடுத்த மாத்திரை இருக்கு. ஒனக்கும் ஒன்னு எடுத்து வச்சிருக்கேன்."