ஒரே மூச்சில பதினொண்டு

வியாழன், இஷா தொழுத பிறகு

மகரிபு தொழுதிட்டு முசல்லாப் பாயிலேயே இருந்தன். கண், தொண்டை, மூச்சு எண்டு தசையெல்லாம் சோர்ந்து போற இந்த மயஸ்தீனியா வருத்தம் பின்னேரத்திலதான் கூடும். இண்டைக்குக் கண்ணிமை ரெண்டும் தானா விழுந்திட்டு. சந்தையில இருந்து ஓடி வந்த மாதிரி நெஞ்சு அடிச்சிச்சு, மூச்சு மேலேயே நிண்டிட்டு. ஒரே மூச்சில எண்ணிப் பாருங்க, பதினைஞ்சுக்குக் குறைஞ்சா உடன ஆஸ்பத்திரிக்கு வந்திரணும் எண்டு டொக்டர் சொல்லியிருக்கார். எண்ணினன். பதினொண்டு. திரும்பவும் எண்ணினன். அதே பதினொண்டுதான்.

அந்நேரம் பக்கத்து வீட்டு நசீஹா கஞ்சிக் கோப்பையோட வந்தாள். அரைக்கண்ணால கண்டன். கூப்பிட வாய் திறந்தன், சத்தம் வரல்ல. அவள் என்னைப் பார்த்திட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டு, கோப்பையை மெல்லமா வெச்சிட்டு, காலடிச் சத்தமும் கேக்காமப் போயிட்டாள்.

குளிசை போட்டு முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் லேசாகிச்சு. அப்ப அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

"ராத்தா, கண்ண மூடி, வாய்க்குள்ள அல்லாஹ்ட பேரை எண்ணித் திக்ரு செஞ்சிட்டு இருந்தீங்க. குழப்பப்படாதெண்டு வந்திட்டன். எனக்கும் துஆ கேளுங்க."

"ஓம்" எண்டன். நான் எண்ணினது என்ட மூச்சை எண்டு சொல்லல்ல. சொன்னா அவள் கட்டாரில இருக்கிற என்ட மகனுக்குச் சொல்லுவாள். அவன் வேலையை விட்டிட்டு வந்து நிப்பான்.

கஞ்சி ஆறிப்போய்க் கிடக்கு. விழுங்கப் பயமாயிருக்கு. இப்பவும் எண்ணிப் பார்த்தன். பதினாலு.

முன்கதவை இண்டைக்குப் பூட்டல்ல.