ஏழாம் நம்பர் எம். கருப்பையா

உன் பெண்டாட்டி நேற்றுக் கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் பையைப் பிரித்ததும் முதலில் வந்தது கருவாட்டு வாடை. நீ எங்கே போனாலும் உன் கடலோரத்துக் கட்டுமாவடியும் கூடவே வரும். உள்ளே ஏழாம் நம்பர் தைத்த பழைய பனியன், ஒரு போட்டோ, நாலாய் மடித்த இரண்டு காகிதங்கள். "அண்ணே, இதை ஒங்க கையிலதான் குடுக்கணும்னு அவுக படுக்கையில கெடக்கும்போதே சொன்னாக" என்று அழுதது அந்தப் பெண்பிள்ளை. எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது கொடுக்க உனக்கு என்ன கேடு? செத்தவனிடம் யாரும் சண்டைக்கு வர முடியாது என்றுதானே?

சமஸ்தானம் போய்க் கவர்மெண்டு வந்த புதிது. புதுக்கோட்டை ஹாஸ்டலில் நான் குன்றாண்டார்கோவில் முத்தையா மகன் கருப்பையா, நீ கட்டுமாவடி முனியாண்டி மகன் கருப்பையா. ரிஜிஸ்டரில் இருவருமே எம். கருப்பையா. வார்டன் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். திட்டு என்று தெரிந்தால் நீ அசைய மாட்டாய், சோறு என்று தெரிந்தால் முந்திக்கொள்வாய். போகப் போக அதுவே வழக்கமாகிவிட்டது. நீ எழுந்தால் நான் உட்கார்ந்துகொள்வேன்.

பள்ளிக்கூடத்து மண் தரையில் இரண்டு கம்பம் நட்டுக் கூடைப்பந்து ஆடினோம். "இங்கிட்டு மாப்ளே, இங்கிட்டு!" என்று நீ கத்துவாய், நான் போடுவேன். நான் கத்தினால் உனக்குக் காது கேட்காது. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

திருச்சியில் நடந்த அந்த ஆட்டத்தை இருபது வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்து டீம் சேர்க்கும் மில்காரர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். முதல் பாதியில் ஏழாம் நம்பர் பனியனில் நான்தான் ஆடினேன், போட்டதெல்லாம் விழுந்தது. இடைவேளையில் நீ வந்தாய். "ஒன் பனியனக் கழட்டு மாப்ளே. என்னுது கக்கத்துல கிழிஞ்சிருச்சு. ஓடவே கூச்சமா இருக்கு." கழற்றிக் கொடுத்தேன், மடையன். ஸ்கோர் எழுதியவருக்கு இரண்டு பேரும் எம். கருப்பையாதான், அவர் என்னத்தைக் கண்டார்! உன் நாலாம் நம்பரைப் போட்டுக்கொண்ட பிறகுதான் கிழிசலைப் பார்த்தேன். பிளேடு போட்ட மாதிரி நேராக இருந்தது. இழுபட்டுக் கிழிந்த துணி அப்படியா இருக்கும்?

பத்து நாள் கழித்து எம். கருப்பையாவுக்கு ஒரு கடிதம் வந்ததாக ஹாஸ்டல் சமையல்காரர் சொன்னார். அது என் கைக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை நீ மில் வேலைக்கென்று பஸ் ஏறிவிட்டாய்.

பிறகென்ன, ஏறுமுகம்தான். மில் டீம், அதற்கப்புறம் மதராஸ் கம்பெனி டீம். எங்கே அதிகம் கூப்பிட்டார்களோ அங்கே போனாய். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகி, பேப்பரில் உன் பெயர் வரும்போதெல்லாம் என் பெயரைப் பார்த்தேன். ஆபீசில், "என்ன கருப்பையா, நேத்து மதராஸ்ல இருபது பாயிண்டு போட்டீராமே!" என்று சிரிப்பார்கள். சிரித்துவைப்பேன்.

இந்தப் போட்டோவை ஒரு தடவை லீவில் வந்தபோது காட்டினாய். யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த டீமில் ஒருவன், செர்பியாக்காரனாம், பனைமரம் மாதிரி நிற்கிறான். நீ அவன் கக்கத்துக்கு வருகிறாய். "அவனுக்கும் நம்மளாட்டந்தான் மாப்ளே. ஆடுறதுக்குத்தான் வேலையாம். முட்டி போயிருச்சுன்னா என்ன செய்வேன்னு அவனும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றாய். அவன் பாஷை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சும்மா பக்கத்தில் போய் நின்று படம் பிடித்துக்கொண்டு வந்திருப்பாய் என்றுதான் நினைத்தேன்.

உன் முட்டிதான் போயிற்று. கம்பெனி உன்னை ஸ்டோரில் ஆணி எண்ண உட்கார வைத்தது; ஒரு வருஷத்தில் அதுவும் இல்லை. நொண்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "கேட்டுப்புடேன் மாப்ளே. மொகத்துல எழுதி ஒட்டியிருக்கு" என்றாய். "என்னத்தக் கேக்குறது?" என்றேன். கேட்டிருக்கலாம். ஆனால் நீ உண்மையைச் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அடுத்த மாசமே மஞ்சக்காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று.

நேற்று அந்தக் காகிதங்களைப் பிரித்தேன். முதலாவது, மில்லிலிருந்து வந்தது: ஏழாம் நம்பர் பனியனில் ஆடிய எம். கருப்பையா வேலைக்கு வரவும். படித்ததும், "பார்த்தியா, எனக்கு வந்ததுதான்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இரண்டாவது, அதே மில்லின் பதில்: "நீர் எழுதியபடி அந்தப் பெயரில் இருவர் உண்டு என்றும், இருவரும் அந்தப் பனியனில் ஆடினர் என்றும் அறிந்தோம். இடம் ஒன்றே. எவர் வந்தாலும் சரி. திங்கட்கிழமைக்குள் வரவும்."

நீ எழுதிக் கேட்டிருக்கிறாய்! அதை மறுபடியும் மறுபடியும் வாசித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ பஸ் ஏறியதற்கு இரண்டு நாள் முந்தி, குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். "மாப்ளே, வெளியூர்ல வேலைன்னா ஒனக்குச் சம்மதமா?" என்றாய். "எதுக்கு? ஊர்ல கஞ்சிக்கு இல்லாமயா கெடக்கேன்?" என்று வீறாப்பாகச் சொன்னேன். நீ துணியைப் பிழிந்தாய்.

சரி, கேட்டாய். ஆனால் மடியில் கடுதாசியை வைத்துக்கொண்டு ஏன் அப்படிக் கேட்டாய்? காட்டிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் காட்டவில்லை. இல்லை, பந்தைத் தவிர உனக்கு வேறு பிழைப்பு இல்லை, எனக்கு ஊரில் நிலம் இருந்தது என்பதாலா? எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்தச் சந்தேகம் தீர மாட்டேன் என்கிறது. உன்னைத் திருடன் என்று வைய முடியவில்லை. நல்லவனே என்று அழவும் முடியவில்லை.

இன்று காலை ஆபீசில் தாசில்தார் உள்ளேயிருந்து, "எம். கருப்பையா!" என்று கூப்பிட்டார். நான் உடனே எழவில்லை. நீ எழுகிறாயா என்று பக்கத்தில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் எழுந்தேன்.